அறிக்கை வாசித்தாயிற்று, இனி? சாதிக்கும் இனவெறுப்புக்கும் எதிராக ஒரு கத்தோலிக்கப் பங்கு இறங்கி வேலை செய்வதற்கான வழிகாட்டி

ஆயர் இல்லத்திலிருந்து சுற்றறிக்கை வரும். ஞாயிறு பூசையில் நற்கருணை முடிந்ததும் அறிவிப்பு நேரத்தில் அதை வாசிப்பார்கள். அடுத்த அன்பியக் கூட்டம் (அக்கம்பக்கக் குடும்பங்களின் செபக் குழு) யார் வீட்டில், சந்தா பாக்கி எவ்வளவு என்பதற்கு நடுவே, "சாதிப் பாகுபாடு பாவம், நாம் அதைக் களைய வேண்டும்" என்ற வரிகளும் ஓடிப்போகும். யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். வாசித்த தாள் சக்ரீஸ்து (பூசைப் பொருள் அறை) அலமாரிக்குப் போய்விடும். அதே வாரத்தில் ஒரு சாவு விழுந்தால், கல்லறையில் அவரவர் சாதிக்கென்று இருக்கும் வழக்கமான பக்கத்தில்தான் பிணம் புதைக்கப்படும்.

இந்த வழிகாட்டி அந்தத் தாளை அலமாரியிலிருந்து திரும்ப எடுக்க நினைப்பவர்களுக்கு. சேலம் நகரம், ஓமலூர், ஆத்தூர், மேட்டூர், ஏற்காட்டு மலை என்று இந்தப் பக்கத்துக் கத்தோலிக்கப் பங்குகளை (ஒரு கோயிலையும் அதன் குருவையும் சேர்ந்த விசுவாசிகளின் சமூகம்தான் பங்கு) மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சேகரக் கமிட்டிக்காரர்களும் பெயர்களை மாற்றிக்கொண்டு பயன்படுத்தலாம்; ஆலயத்தின் அமைப்பு வேறாக இருந்தாலும் கல்லறையின் அமைப்பு பெரும்பாலும் ஒன்றுதான்.

இன அநீதி என்றதும் நம் நினைப்பு அமெரிக்காவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் ஓடும். நம் ஊரில் அதே வேலையைச் சாதி செய்கிறது. இப்போது வடமாநிலத் தொழிலாளர் மீதான இளக்காரமும் அதோடு சேர்ந்திருக்கிறது. பிறப்பு வழியாக வரும் பாகுபாடும் இனப் பாகுபாட்டில் அடங்கும், சாதியும் அதில் சேர்த்தி என்று ஐ.நா.வின் இனப் பாகுபாடு ஒழிப்புக் குழு 2002இல் சொன்னது. இந்திய அரசு அதை ஏற்கவில்லை. அந்த வாதத்தை ஜெனீவாவில் நடத்திக்கொள்ளட்டும். நமக்குப் பங்கில் வேலை இருக்கிறது.

முதலில்: கையில் வைத்திருக்க வேண்டிய ஆவணங்கள்

"இதெல்லாம் யார் சொன்னது? நீங்களாகக் கிளப்புகிறீர்களா?" என்ற கேள்வி முதல் கூட்டத்திலேயே வரும். அதற்கு மூன்று விஷயங்கள் போதும்.

ஒன்று, 2003 நவம்பரில் தமிழ்நாட்டு ஆயர்களை ரோமில் சந்தித்தபோது திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் ஆற்றிய உரை. கிறிஸ்தவர்களுக்குள் சாதி பார்ப்பதை அவர் நேரடியாகவே கண்டித்தார். பொதுவாக உலகத்துக்குச் சொன்னது கிடையாது, நம் ஆயர்களை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு சொன்னது. இரண்டு, இந்திய ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மக்கள் வலுவூட்டல் கொள்கை. திருச்சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்று ஆயர்களே எழுத்தில் ஒப்புக்கொண்ட ஆவணம் அது. மூன்று, 1950 ஆகஸ்ட் 10 அன்று வந்த குடியரசுத் தலைவர் ஆணை. பட்டியல் சாதித் தகுதி இந்துக்களுக்கு மட்டும் என்றது. பிறகு 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 10ஐக் கறுப்பு தினமாக நாம் கடைப்பிடிப்பது இதனால்தான். அரசாங்கத்திடம் நீதி கேட்டு அன்று கறுப்புக் கொடி பிடிக்கும் பங்கு, தன் கல்லறையில் அதே நீதியைத் தருகிறதா என்று கேட்கும் உரிமை எவருக்கும் உண்டு. இந்த ஒரு வாதத்துக்கு இதுவரை உருப்படியான பதிலை நான் கேட்டதில்லை.

அழைப்பு விடுவதற்கும் செயல்படுவதற்கும் இடையே எவ்வளவு காலம் ஓடிவிடும் என்பதற்கு ஓர் உதாரணமும் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் ஜெர்மன்டவுனில் 1688இல் நான்கு பேர் கையெழுத்திட்டு, அடிமை வைத்திருப்பது தவறு என்று குவேக்கர் என்ற தங்கள் கிறிஸ்தவ சபைக்கு மனு கொடுத்தார்கள். யாரும் அதை எதிர்த்துச் சண்டை போடவில்லை. விஷயம் பெரியது, எங்களால் முடிவெடுக்க முடியாது என்று ஒரு கூட்டம் அடுத்த கூட்டத்துக்கு அனுப்பியது, அவ்வளவுதான். அடிமை வைத்திருப்பவர் சபையில் இருக்க முடியாது என்று அதே சபையின் பிலடெல்பியா ஆண்டுக் கூட்டம் முடிவெடுத்தது 1776இல். இடையில் 88 ஆண்டு. நம் பங்குப் பேரவைக் கூட்டங்களில் "அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம்" என்ற சொல் வரும்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்கு ஞாபகம் வரும்.

படி 1: குழு

ஆறேழு பேர் போதும். அதற்கு மேல் போனால் டீ செலவுதான் கூடும். பாதிக்கு மேல் காலனிப் பக்கத்து ஆட்களாக இருக்க வேண்டும். அதிலும் பெண்கள் கட்டாயம். ஊர்ப் பக்கத்திலிருந்து வருபவர் தன் சொந்தக்காரரிடம் "இது தப்பு மாமா" என்று முகத்துக்கு நேரே சொல்லத் தெரிந்தவராக இருக்கட்டும். நல்லவர், ஆனால் கல்யாண வீட்டில் வாயே திறக்க மாட்டார் என்றால் அவர் இந்த வேலைக்கு உதவ மாட்டார். உபதேசியாரைச் சேர்த்துக்கொள்ளுங்கள், பங்கின் பழைய கதை முழுக்க அவரிடம்தான் இருக்கும்.

பங்குத்தந்தை ஆதரவாக இருந்தால் வேலை பாதி எளிது. ஆனால் அவர் மாற்றலாகிப் போய்விடுவார். அதனால் முதல் நாளிலிருந்தே எல்லாம் பேரவையின் தீர்மானப் புத்தகத்தில் ஏற வேண்டும். வாய்ச்சொல்லாக நடந்தது அடுத்த சாமி வந்ததும் இல்லாமல் போய்விடும். "போன ஃபாதர் சும்மா சொன்னாருங்க, நாங்க ஒத்துக்கவே இல்லை" என்பார்கள்.

"நல்லிணக்கக் குழு" என்று பெயர் வைக்காதீர்கள். இரண்டு பக்கமும் சமமாகச் சண்டை போட்டுக்கொண்டது போன்ற தோற்றம் வந்துவிடும்.

படி 2: நடந்து பார்ப்பது

யாரிடமும் எதுவும் கேட்பதற்கு முன் பங்கை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். நோட்டும் பேனாவும் போதும். இந்தப் படிக்கு அவசரப்படாதீர்கள். மீதி எல்லாமே இதன் மேல்தான் நிற்கும்.

கல்லறைத் தோட்டத்தில் தொடங்குங்கள். நுழைந்ததும் எந்தப் பக்கம் சிமெண்டு, எந்தப் பக்கம் வெறும் மண்மேடு என்று பாருங்கள். நடுவில் சுவரோ, வேலியோ, வேலி இருந்த இடத்தில் வரிசையாகக் கள்ளிச்செடியோ இருக்கலாம். சுவர் இல்லாத இடத்திலும் கோடு இருக்கும்: ஒரு பக்கத்தில் கிரானைட் கல், பெயர், தேதி, போட்டோ; இன்னொரு பக்கத்தில் பெயிண்டில் எழுதி மழையில் அழிந்த மரச் சிலுவைகள். "அது காசு இல்லாததால்" என்று ஒருவர் சொல்வார். சரி, அந்தப் பக்கம் வாத்தியார் வேலை பார்த்து ஓய்வு பெற்றவருடைய கல்லறை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். காசு வந்த பிறகும் அதே பக்கத்தில்தான் என்றால் விஷயம் காசு இல்லை. வாசல் கதவின் சாவி யாரிடம் இருக்கிறது, இரவில் சாவு நடந்தால் காலனிக்காரர் யார் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். திருச்சி மேலப்புதூர்க் கல்லறையின் நடுச்சுவர் பற்றிப் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். அதைப் போல ஊரறிந்த சுவர் நம்மிடம் இல்லை என்று நிம்மதி அடைய வேண்டாம்.

அடுத்தது திருவிழா. கொடியேற்றுவது யார், ஒவ்வொரு நாள் நவநாளுக்கும் உபயதாரர் யார், தேர்பவனி எந்தத் தெரு முனையில் திரும்புகிறது? கடந்த மூன்று வருடத் திருவிழா அழைப்பிதழை எடுத்து மேசையில் பரப்புங்கள். உபயதாரர் பெயர்களில் காலனிப் பெயர் ஒன்றாவது உண்டா என்று பாருங்கள். சில இடங்களில் எல்லோரிடமும் வரி வாங்குவார்கள், தேர் மட்டும் எல்லாத் தெருவுக்கும் போகாது. சில இடங்களில் காலனியில் வரியே வாங்க மாட்டார்கள். அதைச் சலுகை என்று சொல்வார்கள். வரி வாங்கினால் உரிமை கேட்பார்கள் என்பதுதான் உள்விவகாரம்.

அப்புறம் பீடம். ஞாயிறு வாசகம் வாசிப்பவர்கள், பீடச் சிறார், பாடகர் குழு, பெரிய வியாழனன்று பாதம் கழுவ உட்காரும் 12 பேர், கோயிலைக் கூட்டிப் பெருக்குபவர்கள். கடைசிப் பட்டியலில் யார் இருக்கிறார்கள் என்பதை மற்றப் பட்டியல்களோடு வைத்துப் பார்த்தாலே படம் தெரிந்துவிடும். பங்கின் பள்ளியிலும் இதே கணக்கு: ஆசிரியர் எத்தனை பேர் எந்தப் பக்கம், ஆயாவும் காவலரும் எந்தப் பக்கம்.

கடைசியாகப் பதிவேடுகள். சேலம் மறைமாவட்டம் உருவானது 1930இல். மறைப்பணி அதற்கு முந்நூறு ஆண்டு முந்தியது. பழைய ஞானஸ்நானப் பதிவேட்டில் சாதி குறிக்கப்பட்டிருக்கிறதா, எந்த ஆண்டு வரை என்று பங்குத்தந்தையின் அனுமதியோடு பாருங்கள். தனிப்பட்டவர்களின் பெயரை வெளியே எடுத்துவர வேண்டாம். வழக்கம் எப்போது வரை எழுத்தில் இருந்தது என்பது மட்டும் போதும்.

இங்கே சேலத்துக்காரர்களுக்கு ஒரு பழங்கதை. தத்துவ போதகர் என்று நாம் கொண்டாடும் இத்தாலிய இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலி 1623இல் மதுரையிலிருந்து கிளம்பி சேந்தமங்கலம், சேலம் பக்கம் வந்தவர். பூணூலும் சந்தனமும் அணிந்து, சைவ உணவு உண்டு, உயர்சாதியாரிடம் அவர்கள் வழக்கப்படியே பழகினார். தமிழுக்கு அவர் செய்தது பெரிது, மறுக்கவில்லை. ஆனால் உயர்சாதியாருக்கு ஒரு வகைக் குரு, மற்றவர்களுக்குப் பண்டாரசாமிகள் என்ற இன்னொரு வகைக் குரு என்று 1640 வாக்கில் மதுரை மிஷன் இரண்டாகப் பிரித்துக்கொண்டதும் அந்த வழியில் வந்ததுதான். "நம்ம வேதத்தில் சாதி கிடையாது, இந்துக்களிடமிருந்து ஒட்டிக்கொண்டது" என்று பங்கில் யாராவது சொன்னால் இதை எடுத்துச் சொல்லுங்கள். ஒட்டிக்கொள்ளவில்லை, வாசல் வைத்து உள்ளே அழைத்தோம்.

பதிவேட்டைத் திறக்க வேண்டாம், பழையதைக் கிளறாதே என்பவர்களுக்கு: மேரிலாந்து இயேசு சபையினர் 1838இல் தங்கள் தோட்டங்களில் இருந்த 272 அடிமைகளை விற்றார்கள். ஜார்ஜ்டவுன் கல்லூரியின் கடனை அடைக்க அந்தப் பணம் உதவியது. விற்கப்பட்டவர்களின் பட்டியலை வைத்துத்தான் பின்னாளில் வாரிசுகள் கண்டுபிடிக்கப்பட்டார்கள். 2021இல் அமெரிக்க இயேசு சபையினர் அந்தக் குடும்பங்களுக்கான அறக்கட்டளைக்கு 10 கோடி டாலர் திரட்டித் தருவதாக உறுதி கொடுத்தார்கள். பட்டியல் இல்லாமல் போயிருந்தால் பரிகாரமும் இல்லை.

படி 3: கேட்பது

கூட்டத்தைக் கோயில் மண்டபத்தில் வைக்காதீர்கள். காலனிக்குப் போங்கள். ஏற்காட்டில் என்றால் எஸ்டேட் லைன் வீடுகளுக்கு, வேலை முடிந்து குளித்து அடுப்பு பற்றவைத்த பிறகு. காபிப் பழம் பறிக்கும் கார்த்திகை, மார்கழி மாதங்களில் போகவே வேண்டாம். ஆளே நிற்க நேரம் இருக்காது. அங்கே டீ கொடுத்தால் குடியுங்கள். ஊர்ப் பக்கத்து ஆள் அந்த டம்ளரைக் கையில் வாங்குகிறாரா என்பதை அந்த வீட்டுப் பாட்டி பார்த்துக்கொண்டுதான் இருப்பார்.

முதலில் வரும் பதில் எல்லா இடத்திலும் ஒன்றுதான்: "எங்களுக்கு ஒரு கொறையும் இல்லைங்க சாமி." அதை அப்படியே எழுதிக்கொண்டு வந்துவிடுபவர்கள் உண்டு. அது பதில் இல்லை, வணக்கம் மாதிரி ஒரு முறை. கூட்டத்தில் கடைக்காரர் இருப்பார், வட்டிக்குக் கொடுத்தவர் இருப்பார், எஸ்டேட் மேஸ்திரி இருப்பார். இவர்கள் முன்னால் யார் வாயைத் திறப்பார்கள்? பெண்களிடம் பெண்கள் தனியாகப் பேசட்டும். இளைஞர்கள் தனியாக. போனில் பதிவு செய்யாதீர்கள், போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். சொன்னவரின் பெயர் குழுவைத் தாண்டக் கூடாது.

இரண்டாம் முறை, மூன்றாம் முறை போகும்போதுதான் விஷயம் வரும், அதுவும் நாம் எதிர்பார்த்த இடத்திலிருந்து வராது. நாம் தேரைப் பற்றிக் கேட்போம். அவர்கள், "தேர் வந்தா என்ன, வராட்டி என்னங்க. எங்கம்மா செத்தப்ப துக்க மணி அடிக்கலை. கேட்டதுக்குக் கயிறு அறுந்துபோச்சுன்னாங்க. ரெண்டு நாள் கழிச்சு ஊருக்குள்ள ஒரு சாவு, மணி அடிச்சுது" என்பார்கள். மேடைப் பேச்சில் இந்த மணி வராது. உங்கள் பட்டியலில் முதலில் வர வேண்டியது அதுதான். எது முதலில் மாற வேண்டும் என்று அவர்களையே சொல்லச் சொல்லுங்கள். குழுவின் வரிசையை அவர்கள் வரிசையின் கீழே வையுங்கள்.

படி 4: முதல் மாற்றம்

என் கருத்து இது, மாற்றுக் கருத்து இருக்கலாம்: முதல் மாற்றம் யாராவது ஒருவருக்காவது வலிக்க வேண்டும். சமபந்தி விருந்து யாருக்கும் வலிக்காது. ஒருநாள் சேர்ந்து சாப்பிட்டு, போட்டோ எடுத்து, மறைமாவட்ட இதழில் போட்டுவிட்டு அவரவர் தெருவுக்குப் போய்விடலாம். சமபந்தியிலேயே நின்றுபோன பங்குகள் நிறைய.

காலனி வேறு வரிசை சொல்லாத பட்சத்தில் நான் சொல்வது: மணியும் சாவியும் முதலில், அதன்பின் கல்லறை, கடைசியில் தேர்.

மணியையும் சாவியையும் ஒரே தீர்மானத்தில் முடித்துவிடலாம். எந்தச் சாவுக்கும் ஒரே விதமான துக்க மணி, ஒரே சவ வண்டி, ஒரே இடத்தில் பூசை. கல்லறைச் சாவி பங்கு அலுவலகத்தில், ஒரு மாற்றுச் சாவி காலனி அன்பியப் பொறுப்பாளரிடம்.

கல்லறைக்கு முதலில் நிலம் யார் பெயரில் என்று தெரிய வேண்டும். மறைமாவட்டச் சங்கத்தின் பட்டாவா, பஞ்சாயத்துக்குரிய மயானமா என்பதை வி.ஏ.ஓ. அலுவலகத்தில் பாருங்கள். மறைமாவட்ட நிலம் என்றால் முடிவெடுக்கும் அதிகாரம் நம் கையில். இருக்கும் கல்லறைகளைத் தொட வேண்டாம். யாருடைய அப்பாவையும் தோண்டி எடுத்து மாற்றி வைக்கப் போவதில்லை என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். பாதி எதிர்ப்பு அதிலேயே அடங்கும். காலியிடத்தை அளந்து, எண் போட்டு, இனி இறப்பவர்கள் இறந்த தேதி வரிசையில் புதைக்கப்படுவார்கள் என்று முடிவெடுங்கள். குடும்பத்துக்கு இடம் ஒதுக்குவதும் விற்பதும் நிறுத்தம். நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று எல்லோரும் அங்கேதான் இருப்பார்கள். தீர்மானத்தை அன்று அங்கேயே வாசிக்கலாம். மாதிரி வாசகம்:

"இன்று முதல் நம் பங்கின் கல்லறைத் தோட்டத்தில் புதிய அடக்கம் அனைத்தும் எண் வரிசைப்படி மட்டுமே நடைபெறும். தெரு, குடும்பம், நன்கொடை எதையும் முன்னிட்டு வரிசை மாற்றப்படாது. இவ்வரிசைப் பதிவேடு பங்கு அலுவலகத்தில் எவரும் பார்க்கும்படி வைக்கப்படும். இத்தீர்மானத்தை மாற்ற, பேரவையின் முழு உறுப்பினர் கூட்டமும் ஆயரின் எழுத்துப்பூர்வ அனுமதியும் தேவை."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள்.

தேருக்கு அவசரம் கூடாது. விழுப்புரம் மாவட்டமாக இருந்த பகுதியின் எறையூரில் 2008 மார்ச்சில் தலித் கிறிஸ்தவர்கள் சம உரிமை கேட்டதைத் தொடர்ந்து கலவரம் வெடித்தது; போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். நம் மாவட்டத்தில் தீவட்டிப்பட்டியில் 2024 மே மாதம் மாரியம்மன் கோயில் விழாவையொட்டி மூண்ட மோதலில் கடைகள் எரிந்தன. தெருவில் நடப்பது கோயில் காம்பவுண்டுக்குள் நடப்பது மாதிரி இல்லை. திருவிழாவுக்கு மூன்று நான்கு மாதம் முன்பே புதிய தடத்தை எழுத்தில் காவல் நிலையத்துக்கும் தாசில்தாருக்கும் கொடுங்கள். அமைதிப் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டால் காலனிப் பெண்களையும் அழைத்துப் போங்கள். அங்கே "இந்த வருஷம் பழையபடி நடத்திக்கங்க, அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று சொல்லக்கூடும். அப்படிச் சொன்னால், அடுத்த வருடத் தேதியைப் போட்டு எழுதி வாங்குங்கள். எழுதித் தரவில்லை என்றால், புதிய தடத்தில் தேர் ஓட முடியாத வருடம் தேரையே எடுக்காமல் விடலாம். பூசை நடக்கும், கொடி ஏறும், தேர் நிற்கும். எல்லோருக்கும் வராத தேர் ஒருவருக்கும் வேண்டாம் என்று முடிவெடுக்கப் பங்குக்கு உரிமை உண்டு.

படி 5: வரப்போகும் எதிர்ப்பு

உபயதாரர் ஒருவர் விலகுவார். "என் பெயரைப் போட வேண்டாம்" என்பார். இதற்காகவே முதல் வருடம் திருவிழா பட்ஜெட்டைச் சுருக்கி வைத்திருங்கள்: வாணவேடிக்கையும் லைட் மியூசிக்கும் இல்லாமல் திருவிழா நடக்கும். தனி உபயத்தையே எடுத்துவிட்டு வீட்டுக்கு இவ்வளவு என்று ஒரே தொகை வாங்கிப் பொதுச் செலவில் நடத்தினால், கொடியேற்றுவது யார் என்ற கேள்வியும் அதோடு தீர்ந்துவிடும். குலுக்கல் போட்டு எடுக்கலாம்.

"மக்கள் இன்னும் தயாராகவில்லை, மெதுவாகப் போகலாம்" என்று நல்லெண்ணத்தோடு சொல்பவர்கள்தான் கஷ்டம். தென்னாப்பிரிக்க டச்சு சீர்திருத்தச் சபையின் 1857 மாமன்றத்துக்கு இதே போன்ற பிரச்சினை வந்தது. கறுப்பின விசுவாசிகள் எல்லோரோடும் சேர்ந்தே வழிபடுவதுதான் சரி, வேதத்துக்கு உகந்தது என்று தீர்மானத்தில் எழுதினார்கள். அதே தீர்மானத்திலேயே, சிலரின் பலவீனத்தை முன்னிட்டுத் தனியாக வழிபாடு நடத்தவும் இடம் கொடுத்தார்கள். தற்காலிகச் சலுகை என்றுதான் நினைத்திருப்பார்கள். கால் நூற்றாண்டுக்குள் நிறத்துக்குத் தனிச் சபையே உருவாகிவிட்டது. பிறகு நாட்டின் சட்டமாகவே அது விரிந்தது. அப்படிப் பிரிக்கப்பட்ட சபை 1982இல் பெல்ஹாரில் எழுதி, 1986இல் ஏற்றுக்கொண்ட விசுவாச அறிக்கைதான் அந்தப் பிரிவினையைச் சபைக்குள்ளிருந்தே மறுத்தது. யாருடைய பலவீனத்துக்காக யார் காத்திருக்க வேண்டும் என்பதை உங்கள் பேரவையில் கேளுங்கள்.

"இது அரசியல்" என்பவரோடு வாதாட நேரம் செலவழிக்காதீர்கள். அவரை அடுத்த அடக்கத்துக்கு அழையுங்கள், போதும்.

படி 6: வடக்கிலிருந்து வந்தவர்கள்

சிவதாபுரம் பக்கத்து வெள்ளிப் பட்டறைகள், கட்டட வேலை, ஓட்டல், ஏற்காட்டு எஸ்டேட் என்று இந்தப் பக்கத்தில் வேலைக்கு வரும் வடமாநிலத்தாரில் ஜார்கண்ட், ஒடிசா, சத்தீஸ்கர் ஆதிவாசிகளும் உண்டு. ஒராவோன், முண்டா, காரியா சமூகங்களில் தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கர்களாக இருப்பவர்கள் ஏராளம். அப்படி ஒரு குடும்பம் ஞாயிறு பூசைக்கு வந்தால் எங்கே நிற்கும் தெரியுமா? செருப்பு கழற்றும் இடத்துக்குப் பக்கத்தில், தூணோரமாக. உள்ளே இடம் இருக்கும். யாரும் போகாதே என்று சொல்லவில்லை. உள்ளே வா என்றும் சொல்லவில்லை.

காலனி இளைஞர்கள் வாயிலிருந்தே "வடக்கன்" என்ற ஏளனம் வருவதைக் கேட்டிருக்கிறேன். இந்தப் படி எல்லாப் பக்கத்துக்கும் பொது. 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்களை இங்கே அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவி, பலர் பயந்து ஊருக்கு ரயிலேறினார்கள். அந்த மாதிரி நேரத்தில் போன் போட்டு விசாரிக்கத் தெரிந்த ஓர் ஆள்கூடப் பங்கில் இல்லையென்றால், அவர்கள் நம் பங்கில் இல்லை, நம் தூணோரத்தில் இருக்கிறார்கள்.

செய்ய வேண்டியவை சின்னவைதான். பங்குக் குடும்பப் பதிவேட்டில் அவர்கள் பெயரையும் ஏற்றுங்கள். மாதம் ஒரு ஞாயிறு ஒரு வாசகமும் ஒரு பாட்டும் இந்தியிலோ அவர்கள் பேசும் சாத்ரி மொழியிலோ இருக்கட்டும். அவர்களில் ஒருவரே வாசிப்பார். ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. ஆதார் இணைத்த அவர்கள் ஊர் அட்டைக்கு இங்கேயே தானியம் வாங்கலாம். கடைக்காரர் மறுத்தால் கூடப் போய் நிற்க நம்மில் ஒருவர் வேண்டும். பிள்ளைகளுக்குப் பள்ளியில் டி.சி. இல்லை, பிறப்புச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பினால், கல்வி உரிமைச் சட்டப்படி 8ஆம் வகுப்பு வரை அதற்காகச் சேர்க்கை மறுக்க முடியாது என்று சொல்லுங்கள். முதலில் நம் பங்குப் பள்ளியிலேயே அதைச் சொல்ல வேண்டியிருக்கலாம்.

படி 7: பேச்சு முடியாத இடத்தில் சட்டம்

அடி, மிரட்டல், சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது, கல்லறையில் தடுப்பது என்று வந்துவிட்டால் சமரசக் கூட்டம் போடாதீர்கள். ஆனால் எந்தச் சட்டம் யாருக்குப் பொருந்தும் என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பலர் காவல் நிலைய வாசலில்தான் அதைத் தெரிந்துகொள்கிறார்கள்.

1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கானது. 1950 ஆணையால் தலித் கிறிஸ்தவர் சட்டப்படி பட்டியல் சாதி ஆவதில்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். எனவே கிறிஸ்தவர் என்று தெரிந்தால் அந்தச் சட்டத்தில் வழக்கு நிற்பது கடினம். பழங்குடிகளுக்கு மதத் தடை இல்லை. சேர்வராயன் மலையின் மலையாளி என்ற பழங்குடியினர் (கேரளத்து மலையாளிகள் அல்ல) கிறிஸ்தவர்களாக இருந்தாலும் சாதிச் சான்றிதழோடு இந்தச் சட்டத்தில் புகார் கொடுக்கலாம். அந்தப் புகாரில் முதல் தகவல் அறிக்கை பதிய முன்விசாரணை தேவையில்லை என்று 2018இல் திருத்தம் வந்துவிட்டது, டி.எஸ்.பி. நிலை அதிகாரிதான் விசாரிக்க வேண்டும்.

தலித் கிறிஸ்தவர்களுக்குக் கைகொடுப்பது 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டம் (பி.சி.ஆர்.). பழையது, தண்டனையும் குறைவு. ஆனால் அது "எவரையும்" என்று பேசுகிறது. தீண்டாமை காரணமாக ஒருவரைத் தன் மதத்தின் பொது வழிபாட்டு இடத்தில் நுழையவிடாமல் தடுப்பது 3ஆம் பிரிவிலும், மயானத்தையும் பொதுப் பாதையையும் பயன்படுத்தவிடாமல் தடுப்பது 4ஆம் பிரிவிலும் குற்றம். ஒரு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை சிறை. புகாரில் சட்டப் பிரிவைக் குறிப்பிட்டே எழுதுங்கள், தேதி, நேரம், சொன்ன வார்த்தை, பார்த்தவர்கள் எல்லாம் அன்றைக்கே எழுதுங்கள். சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது) வாங்காமல் நிலையத்தை விட்டு வெளியே வராதீர்கள். வன்கொடுமைப் புகார்களுக்கு 14566, இலவசச் சட்ட உதவிக்கு 15100. வக்கீல் செலவைப் பங்கு நிதியிலிருந்து கொடுப்பதற்கு முன்கூட்டியே ஒரு தீர்மானம் போட்டு வைத்திருங்கள். பங்குக்குள் நடந்த விஷயத்துக்கு வெளியே போகிறவரைத் துரோகி என்பார்கள். அந்தச் சொல் வரும்போது குழு அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

படி 8: தொடர்ந்து பார்ப்பது

ஆண்டுக்கு இரண்டு தேதிகளில் பேரவை கணக்குக் காட்டட்டும்: ஆகஸ்ட் 10, நவம்பரில் வரும் தலித் விடுதலை ஞாயிறு. மறையுரையில் பேசுவது பேசட்டும், பூசை முடிந்து அறிவிப்பு நேரத்தில் நான்கு எண்களை வாசியுங்கள்: இந்த ஆண்டு அடக்கம் எத்தனை, வரிசை மாறியது எத்தனை, வாசகம் வாசித்தவர்களில் எந்தத் தெருவிலிருந்து எத்தனை பேர், பங்குப் பள்ளியில் புது நியமனம் யார் பக்கம் எத்தனை. எண் மோசமாக இருந்தாலும் வாசித்துவிடுங்கள்.

பங்குத்தந்தை மாறும் நாளுக்கு ஒரு கோப்பு தயாராக இருக்க வேண்டும். தீர்மானங்களின் நகல், கல்லறை வரிசைப் பதிவேட்டின் நகல், தேர்த் தடத்துக்குக் காவல் நிலையத்தில் கொடுத்த கடிதமும் அவர்கள் தந்த ரசீதும், நிலுவையில் இருக்கும் வழக்கு விவரம். புதிய சாமி வந்த முதல் வாரத்திலேயே, ஊர்ப் பெரியவர்கள் மாலையோடு வருவதற்கு முன்னால், காலனி அன்பியப் பொறுப்பாளரும் குழுவில் இருவரும் போய் அந்தக் கோப்பை நேரில் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.